லண்டனில் சட்டபூர்வம், நங்கநல்லூரில்?

கேள்வி: நங்கநல்லூரில் சின்னதாக ஒரு வெப்சைட் கம்பெனி நடத்துகிறேன். நான், என் அக்கா மகன், சம்பளத்துக்கு மூன்று பேர்; அதில் இருவர் பெண்கள். கல்யாண மண்டபம், கேட்டரிங், டியூஷன் சென்டர் என்று அக்கம்பக்கத்து வியாபாரங்களுக்குத் தளம் செய்து கொடுத்து வண்டி ஓடுகிறது. லண்டனில் இருக்கும் தூரத்து உறவுக்காரப் பையன் மூலமாக இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. வயது வந்தோருக்கான வீடியோ தளம். கம்பெனி லண்டனில் பதிவானது, சர்வர் நெதர்லாந்தில். சந்தாதாரர்கள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்து, வகை பிரித்து, தலைப்பு வைத்து ஏற்ற வேண்டும். தமிழிலும் தலைப்பு கேட்கிறார்கள். புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். ராத்திரியில் தளம் படுத்துவிட்டால் எழுப்ப வேண்டும். சம்பளம் பவுண்டில். “அங்கே இது சட்டபூர்வமான தொழில். நம்ம ஊர் ஆபாசச் சட்டமே வெள்ளைக்காரன் எழுதினதுதானே மாமா, அங்கே தப்பில்லாதது இங்கே எப்படித் தப்பாகும்?” என்கிறான் பையன். இரண்டு வாரம் சோதனை ஓட்டமாகச் செய்தும் கொடுத்துவிட்டோம். ஒப்பந்தம் அக்கா மகன் பெயரில் வந்திருக்கிறது. நாங்கள் எதையும் படம் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போடலாமா?
— பெயர் வேண்டாம், நங்கநல்லூர்.

பதில்: போடாதீர்கள். உங்கள் அக்கா மகனையும் போடவிடாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த மாதிரி வேலை சென்னையில் நிறைய சின்ன அலுவலகங்களின் கதவைத் தட்டுகிறது, கூடவே அந்தப் பையனின் வாதமும் வருகிறது.

முதலில் நம் சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 67ஆம் பிரிவு, ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் 67ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வெளிப்படையான பாலியல் செயல் அடங்கிய எதையும் வெளியிட்டால், அனுப்பினால், அல்லது அப்படி வெளியாகக் காரணமாக இருந்தால், முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். இரண்டாம் முறை ஏழு ஆண்டு. 67-க்கு ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். 67ஏ ஜாமீனில் விட முடியாத குற்றம். உங்களுக்கு வந்திருக்கும் வேலை நேராக 67ஏ-யின் வாசலில் நிற்கிறது.

67-க்கும் 67ஏ-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். 67-ல் “இது ஆபாசமா?” என்று வாதாட இடம் உண்டு. 2024 மார்ச்சில் ‘காலேஜ் ரொமான்ஸ்’ இணையத் தொடர் வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, கெட்ட வார்த்தை பேசுவது ஆபாசம் ஆகாது என்று சொல்லித்தான். உங்களுக்கு வரும் வீடியோக்களில் அந்த வாதத்துக்கு வேலையே இல்லை. உடலுறவைக் காட்டுவதற்காகவே எடுத்தது என்பதைத் தளமே முகப்பில் எழுதி வைத்திருக்கும்.

பையனின் வாதத்துக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை. நம் ஆபாசச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில்தான் இருக்கிறது. 1857-ல் அங்கே ஆபாசப் பிரசுரச் சட்டம் வந்தது. 1868-ல் ஹிக்ளின் வழக்கு. உல்வர்ஹாம்ப்டன் ஊர்க்காரர் ஒருவர், கத்தோலிக்கப் பாவமன்னிப்பு முறையைத் தாக்கும் துண்டுப் புத்தகம் ஒன்றை லாபம் பார்க்காமல் விற்றார். மதச் சண்டைதான் அவர் நோக்கம், காமம் இல்லை. அதெல்லாம் பொருட்டில்லை என்றார் தலைமை நீதிபதி காக்பர்ன். கெட்டுப்போகக்கூடிய மனம் உள்ள யார் கையிலாவது சிக்கினால் அவரைக் கெடுக்குமா என்பதே கேள்வி என்றார். ஒரு பக்கம் கெடுத்தால் போதும், மொத்தப் புத்தகமும் போச்சு. இந்த அளவுகோல்தான் கப்பலேறி நம் நீதிமன்றங்களுக்கு வந்தது.

மயிலாப்பூர், தி.நகர் சபாக்களுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றையே உதாரணம் காட்டலாம். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், 1910-ல் முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்தார். தஞ்சை மராட்டிய அரசவையில் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடப்பட்ட நூல். சென்னையில் வாவிள்ள அச்சகம் அச்சிட்டது. அடுத்த ஆண்டே ஆபாசம் என்று பிரிட்டிஷ் அரசு பறிமுதலுக்கு இறங்கியது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் பிரதமராக வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. அரசவையில் பாடியதை அச்சில் படிக்க ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, வேர் ஒன்றுதான். ஆனால் வேர் ஒன்று என்பதால் தீர்ப்பும் ஒன்றாக இருக்கும் என்று பையன் நினைப்பது தவறு. இதற்கு ஒரு புத்தகமே சாட்சி. டி.எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’. இங்கிலாந்து 1959-ல் தன் பழைய சட்டத்தை மாற்றியது; நூலை முழுதாகப் பார்க்க வேண்டும், பொது நன்மைக்கு என்றால் விடலாம் என்று எழுதியது. அந்தச் சட்டத்தின் கீழ் பெங்குவின் பதிப்பகம் விசாரிக்கப்பட்டு, 1960 நவம்பர் 2ஆம் தேதி விடுதலையானது. சில நாள் கழித்துக் கடைக்கு வந்த 2 லட்சம் பிரதிகளும் ஒரே நாளில் தீர்ந்தன. அதே புத்தகத்தை பம்பாயில் ஒரு சின்னக் கடையில், வேடம் போட்டு வந்த வாடிக்கையாளருக்கு விற்றதற்காக ரஞ்சித் உதேஷி என்பவர் மீது வழக்கு. அபராதம் 20 ரூபாய். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1964-ல் நீதிபதி ஹிதயத்துல்லா எழுதிய தீர்ப்பு, ஹிக்ளின் அளவுகோலைச் சற்றுத் தளர்த்தினாலும் அதைக் கைவிடாமல், தண்டனையை உறுதி செய்தது. லண்டனில் விற்றால் வியாபாரம், பம்பாயில் விற்றால் குற்றம். நான்கே ஆண்டு இடைவெளி, வேர் ஒன்றான சட்டம். உங்கள் உறவுக்காரப் பையனுக்கு இந்த ஒரு கதை போதும்.

பிறகு நாமும் நகர்ந்தோம், மெதுவாக. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் காதலியும் சேர்ந்த புகைப்படம் ஒன்றை இந்தியப் பத்திரிகைகள் வெளியிட்ட வழக்கில், 2014-ல் உச்ச நீதிமன்றம் ஹிக்ளினை ஒதுக்கிவிட்டு, இன்றைய சமூகத்தின் பொதுவான அளவுகோலால் பார்க்க வேண்டும் என்றது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில் 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. இலக்கியத்துக்கும் கலைக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், 2000-ல் நாம் புதிதாக எழுதிய இணையச் சட்டத்தின் 67ஆம் பிரிவிலும், படிப்பவர், பார்ப்பவர் மனத்தைக் கெடுப்பது என்ற 1868ஆம் ஆண்டுச் சொற்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. நீதிமன்றம் ஒதுக்கியதைச் சட்டப் புத்தகம் இன்னும் ஒதுக்கவில்லை.

சரி, “அங்கே சட்டபூர்வம்” என்பதாவது முழு உண்மையா? அதுவும் இல்லை. 1959 சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. கடுமையான வன்முறை கலந்த ஆபாசப் படங்களைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று 2008-ல் இன்னொரு சட்டம் வந்தது. 2023ஆம் ஆண்டு ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2025 ஜூலை 25 முதல் இப்படிப்பட்ட தளங்கள் பார்ப்பவரின் வயதை உண்மையாகவே சரிபார்க்க வேண்டும். ‘எனக்கு 18 ஆகிவிட்டது’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதாது. மீறினால் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு அல்லது உலக வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அதுவரை அங்கத்திய ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அபராதம் போடலாம். உங்கள் லண்டன் கம்பெனி இதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது, உங்கள் பையன் சொல்லும் அதே வாதத்தை இங்கிலாந்து நீதிமன்றமே தூக்கி எறிந்திருக்கிறது என்பது. 2002-ல் பெரின் வழக்கு. லண்டனில் வசித்த ஒரு பிரெஞ்சுக்காரர், அமெரிக்க நிறுவனம் வழியாக ஒரு தளம் நடத்தினார். லண்டன் போலீஸ்காரர் ஒருவர் தன் மேசையிலிருந்தே அதைத் திறந்தார். தளம் அமெரிக்காவில் தயாராகிறது, அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று வாதாடினார்கள். எங்கே தயாரானால் என்ன, இங்கே திறந்தால் இங்கே வெளியானதாகவே அர்த்தம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 30 மாதச் சிறை நிலைத்தது. காசு கட்டிப் பார்க்கும் பக்கங்கள் குறித்த குற்றச்சாட்டுகளில் ஜூரி அவரை விடுவித்தது. யாரும், எந்தப் பிள்ளையும், இலவசமாகத் திறக்கக்கூடிய முன்னோட்டப் பக்கத்துக்காகத்தான் தண்டனை. உங்கள் தளத்திலும் அப்படி ஒரு முன்னோட்டப் பக்கம் இருக்கும். அதற்குத் தமிழில் தலைப்பு வைக்கப்போவது நீங்கள். தமிழில் தலைப்பு யாருக்காக? நெதர்லாந்துக்காரருக்காகவா?

நம் நாட்டு அனுபவத்தையும் பாருங்கள். ‘சவிதா பாபி’ என்ற படக்கதைத் தளத்தை நடத்தியவர் பிரிட்டனில் வாழ்ந்த இந்திய வம்சாவளிக்காரர். புனைபெயரில் நடத்தினார். 2009-ல் இந்திய அரசு தளத்தை முடக்கியது. அவருக்குக் கிடைத்த தண்டனை அதோடு சரி, ஏனென்றால் அவர் இங்கே இல்லை. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். 2021 ஜூலையில் தொழிலதிபர் ராஜ் குந்த்ராவை மும்பை குற்றப்பிரிவு கைது செய்தது. இங்கே எடுத்த படங்கள், லண்டனில் உறவினர் வைத்திருந்த கம்பெனி வழியாகச் செயலியில் ஏறின என்பது போலீஸ் சொல்லும் கதை. அவர் மறுக்கிறார், குற்றம் நிரூபிக்கப்படவில்லை, இரண்டு மாதம் கழித்து ஜாமீனில் வந்தார். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: அவருடைய நிறுவனத்தின் ஐ.டி. பொறுப்பாளரும் அதே வாரத்தில் கைதானார். படம் எடுத்தவரோடு நிற்பதில்லை வழக்கு. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவரையும் தேடி வரும்.

“நாங்கள் டெக்னிக்கல் வேலைதான் செய்கிறோம்” என்பது அடுத்து நீங்கள் சொல்லக்கூடிய பதில். அதற்குச் சட்டத்தில் ஒரு கூரை இருக்கிறது, 79ஆம் பிரிவு. அடுத்தவர் போடுவதைத் தாங்கும் வெறும் மேடைக்கு, உரிய கவனத்தோடு நடந்தால், பொறுப்பு இல்லை என்கிறது. ஆனால் உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறவருக்கும் மாற்றுகிறவருக்கும் அந்தக் கூரை கிடையாது. எதை ஏற்றலாம், எந்த வகை, என்ன தலைப்பு என்பதெல்லாம் உங்கள் கை வேலை. ராத்திரி சர்வரை எழுப்பும் வேலை மட்டும் என்றிருந்தால் வாதாட ஏதோ இடம் இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. கம்பெனி செய்த குற்றத்துக்கு அதை நடத்துகிறவரும் பொறுப்பு என்கிறது 85ஆம் பிரிவு. ஆகவே ஒப்பந்தம் அக்கா மகன் பெயரில் இருப்பதால் நீங்கள் தப்பமாட்டீர்கள். சின்ன வயதுக்காரன் ஒருவனை முன்னால் நிறுத்தியதுதான் மிச்சம்.

வாதாடி ஜெயித்தாலும் என்ன விலை என்பதற்கு பாஸி.காம் வழக்கு. 2004-ல் டெல்லிப் பள்ளி மாணவர்கள் சம்பந்தப்பட்ட வீடியோ ஒன்று அந்த விற்பனைத் தளத்தில் யாரோ ஒருவரால் பட்டியலிடப்பட்டது. தெரிய வந்ததும் நீக்கினார்கள். தலைவர் அவ்னீஷ் பஜாஜ் கைதானார். கம்பெனியையே குற்றவாளியாகச் சேர்க்காமல் அவர் மீது மட்டும் வழக்கு நடத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2012-ல். பட்டியல்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்த மேலாளர் ஒருவரும் சிக்கியிருந்தார். உங்கள் அக்கா மகனுக்கு வந்திருப்பதும் கிட்டத்தட்ட அதே உத்தியோகம். இணையச் சட்டத்தில் தப்பியவரைப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-ல் பிடிக்க முடியாது என்று அந்த மேலாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 2016 டிசம்பரில். பன்னிரண்டு வருடம். அதுவும், ஆபாசத்தைத் தொழிலாக வைத்திராத, பழைய சாமான்கள் கைமாறும் தளத்தில் வேலை பார்த்தவருக்கு.

சென்னையும் இதில் பின்தங்கிய ஊர் இல்லை. விவாகரத்தான பெண் ஒருவரைப் பற்றி இணையக் குழுவில் கேவலமாக எழுதியவருக்கு எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரிலேயே 67ஆம் பிரிவில் தண்டனை கொடுத்தது. நாட்டிலேயே அந்தப் பிரிவின் ஆரம்பத் தீர்ப்புகளில் அது ஒன்று. அதற்கு முன் 2001 டிசம்பரில் எலும்பு மருத்துவர் ஒருவர் இணைய ஆபாச வழக்கில் கைதாகி, 2008-ல் விரைவு நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றது ஊரே பேசிய விஷயம். அந்தத் தண்டனையின் கனம் இணையச் சட்டத்திலிருந்து மட்டும் வரவில்லை. மற்றக் குற்றச்சாட்டுகளும் சேர்ந்துகொண்டன. இப்படிப்பட்ட வழக்கு எப்போதும் தனியாக வருவதில்லை.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடம். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு எடுப்பதையும், வயது வந்தவர்கள் தனியறையில் பார்ப்பதையும் சிறைக்குரிய குற்றமாக்க வேண்டியதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். தனியாகப் பார்ப்பது குற்றமில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வருவது சந்தாதாரர்கள் அனுப்பும் வீடியோ. அதில் இருக்கும் பெண்ணுக்கு வயது என்ன, படம் பிடிப்பது அவருக்குத் தெரியுமா, தளத்தில் ஏற அவர் சம்மதித்தாரா? இரண்டு வாரத்தில் ஒரு அடையாள அட்டையாவது, ஒரு சம்மதக் கடிதமாவது உங்கள் கண்ணில் பட்டதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சம்மதமில்லாத வீடியோ என்றால் இணையச் சட்டத்தின் 66இ, பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சங்ஹிதாவின் 77 எல்லாம் சேரும். குழந்தை என்றால் 67பி, போக்சோ. அம்பத்தூர் இளைஞர் ஒருவர் மீதான வழக்கை, வெறும் பதிவிறக்கம்தான் என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதே வழக்குக்குப் போதும் என்றது. ஏற்றி விற்றவருக்கு என்ன சொல்வார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. 2025 ஜூலையில், தன் அந்தரங்க வீடியோக்கள் தளம் தளமாகப் பரவியதால் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார் ஒரு பெண் வழக்கறிஞர். 48 மணி நேரத்தில் நீக்குங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவு போனது. அந்தத் தளங்களிலும் யாரோ ஒருவர் அந்த வீடியோவைப் பார்த்து, வகை பிரித்து, தலைப்பு வைத்திருப்பார்.

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிய ஒரு விஷயமும் இருக்கிறது: சம்பளத்துக்கு இருப்பவர்களில் இருவர் பெண்கள். சோதனை ஓட்டத்தில் அவர்களும் உட்கார்ந்தார்களா? விருப்பமில்லாத பெண்ணுக்கு ஆபாசப் படம் காட்டுவது பாரதிய நியாய சங்ஹிதா 75-ன்படி பாலியல் துன்புறுத்தல், மூன்று ஆண்டு வரை சிறை. வேலை போய்விடுமோ என்று வாய் திறக்காமல் இருப்பதைச் சம்மதம் என்று எந்த நீதிபதியும் எடுத்துக்கொள்ளமாட்டார். பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகம் என்பதால் உங்களிடம் புகார்க் குழு இருக்காது. அவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு நேராகப் போகலாம். இவ்வளவு பெரிய சட்டங்களையெல்லாம் தாண்டி, உங்கள் மீது முதல் புகார் உங்கள் அலுவலகத்துக்குள்ளிருந்தே வரக்கூடும். வந்தால் அது நியாயமான புகார்.

செய்ய வேண்டியது இது. ஒப்பந்தத்தை ஏற்கவில்லை, வேலையை நிறுத்திவிட்டோம் என்று இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் ‘சாரிப்பா’ என்று முடிக்காதீர்கள். தளத்தின் பாஸ்வேர்டுகளை மாற்றிக்கொள்ளச் சொல்லி, உங்கள் பக்கத்து அணுகலை மூடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கான பணத்தை வாங்காதீர்கள். பயத்தில் மெயிலையும் சாட்டையும் லாகையும் அழித்துவிடாதீர்கள். நீங்கள் தெரிந்ததும் விலகினீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி, தடயத்தை அழிப்பது இன்னொரு குற்றமும்கூட. பார்த்தவற்றில் ஏதாவது குழந்தை சம்பந்தப்பட்டதாகவோ, திருட்டுத்தனமாக எடுத்ததாகவோ சந்தேகம் இருந்தால், வழக்கறிஞரைக் கலந்துகொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் தாமதிக்காமல் தெரிவியுங்கள். அந்தப் பெண் ஊழியர்கள் இருவரையும் கூப்பிட்டு, இந்த வேலை இனி இல்லை என்று நீங்களே நேரில் சொல்லுங்கள். அக்கா மகனை அனுப்பாதீர்கள்.

நான் உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை, உங்கள் கடிதத்தை வைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். கிரிமினல் பக்கம் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த வாரமே எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். சோதனை ஓட்டத்தில் என்னென்ன ஏற்றினீர்கள் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.